“நான் வண்டியிலயே இருக்கேன் கண்ணு!” - முட்டிவலி அம்மா, ஈ.பி அப்பாவுடன் சோலூரில் மூன்று நாள்

போன வருஷம் தொட்டபெட்டா வாகன நிறுத்துமிடத்தில் அம்மா சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தப் பயணம் ஆரம்பித்தது.

“நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன் கண்ணு... நீங்க போயிட்டு வாங்க.”

வயதான அப்பா, அம்மாவைச் சுற்றுலா கூட்டிப்போன எல்லோரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அன்று நாங்கள் நான்கு இடங்களைப் பார்த்தோம். அம்மா நான்கு வாகன நிறுத்துமிடங்களைப் பார்த்தார். தாவரவியல் பூங்காவில் மட்டும் இறங்கினார். 1848-ல் மெக்ஐவர் உருவாக்க ஆரம்பித்த பூங்கா, 55 ஏக்கர், சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறிக்கொண்டே போகும். அம்மா கீழேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா, “ஊட்டி எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்க, அம்மா சொன்ன பதில் ஒரே வார்த்தை... “குளிருங்க.”

அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். இடது காலில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, வலது கால் வரிசையில் நிற்கிறது. 25 வருஷம் தையல் மெஷின் மிதித்த கால்கள். அப்பாவுக்கு நடக்க முடியும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். கைத்தடி உண்டு. அதை வேண்டுமென்றே வண்டியில் மறந்து வைப்பார்.

வியூ பாயின்ட் என்றாலே மேடு, படி, நடை. நீலகிரியில் அதைத் தவிர்த்துவிட்டு என்ன பார்ப்பது? இதற்கு விடை தேடும்போது தீம் பார்க்குகளில் நடக்கும் ‘திரைக்குப் பின்னால்’ சுற்றுலாக்கள் கண்ணில் பட்டன. ராட்டினம் ஏற முடியாத பெரியவர்களுக்கு, அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவது. நல்ல யோசனைதான். ஆனால், எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டில், மேஜிக் கிங்டம் பூங்காவின் சுரங்க வழிகளைக் காட்டும் பயணம் சுமார் ஐந்து மணி நேர நடை. அதே டிஸ்னியின் எப்காட் பூங்காவில், கண்ணாடிக்கூடத்தில் காய்கறி வளர்ப்பதைக் காட்டும் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நம் பக்கம் பார்த்தால், 1996-லிருந்து இயங்கும் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் பெரும்பகுதியை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

நீலகிரியிலும் ‘உள்ளே எப்படி வேலை நடக்கிறது’ என்று பார்க்க நிறைய இருக்கிறது. டீ ஃபேக்டரி, மலை ரயில், மின்சாரம், தறியில்லாமல் கையால் போடும் தோடர் எம்ப்ராய்டரி. அதில் அம்மாவின் முட்டிக்கு எது சரிப்படும் என்பதுதான் கேள்வி.

சூலூர் டு சோலூர்!

தங்குவதற்கு ஊட்டி டவுனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டம், ஹோட்டல் மாடிப்படிகள், சீஸன் நேர டிராஃபிக்... எதற்கு? ஊட்டியிலிருந்து தலைக்குந்தா தாண்டிப் போனால் சோலூர். பேரூராட்சிதான் என்றாலும், பார்ப்பதற்கு மலைக்கிராமங்களின் தொகுப்பு. படுகர் ஹட்டிகள், தேயிலை, இடையிடையே கேரட், பீட்ரூட், பூண்டு, அதற்கு மேலே யூகலிப்டஸ். கோவை பக்கம் சூலூரில் இருக்கும் நாங்கள் சோலூர் போகிறோம் என்றதும் சித்தப்பா, “சூலூர்ல இருந்து சூலூருக்கு எதுக்கு கார் புடிச்சுப் போறீங்க?” என்று கேட்டது தனிக்கதை.

தங்கும் வீட்டுக்காரரிடம் போனில் ரேட் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டேன். ரூம் தரைத்தளமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? வண்டி வாசல் வரை வருமா? மூன்றாவதுக்கு, “வரும், கடைசி 20 அடி மட்டும் இறக்கம்” என்றார். இப்படி உண்மை சொல்கிற ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். (நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.)

ஒன்று சொல்லியாக வேண்டும். குளிரில் முட்டிவலி கூடும் என்பதை நான் குறைத்து எண்ணிவிட்டேன். முதல் ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. வீட்டுக்கார அம்மா ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். ஊரிலிருந்தே அதைக் கொண்டு போயிருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும். அந்த மாதங்களில் பெரியவர்களைக் கூட்டிவராதீர்கள் என்பது என் கட்சி.

“இருபது நிமிஷம்தாங்க”

முதல் டீ ஃபேக்டரியில் தோற்றேன். பெயர் வேண்டாம். போனில் விசாரித்தபோது, “சுத்திக்காட்ட மொத்தமே இருபது நிமிஷம்தாங்க” என்றார்கள். ஆஹா என்று போனோம். டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்தால், முதல் காட்சியே இரும்புப் படிக்கட்டு.

தப்பு என் பேரில்தான். பழைய பாணி டீ ஃபேக்டரிகளில் இலையை வாட்டும் தளம் பெரும்பாலும் மாடியில் இருக்கும். காற்றோட்டத்துக்காகவும், வாடிய இலையை நேராகக் கீழே இருக்கும் மெஷினுக்குத் தள்ளுவதற்காகவும் அப்படிக் கட்டினார்கள். டீ தயாரிப்பு அங்கேதான் ஆரம்பம் என்பதால் பார்வையாளர்களையும் முதலில் மேலே ஏற்றுகிறார்கள். நான் நேரத்தைக் கேட்டேன், படியைக் கேட்கவில்லை. அம்மா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் வண்டியிலயே...” என்று ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு நல்ல பாடம் சொல்லிக்கொடுத்தார். “முடியுமான்னு உங்கம்மாகிட்ட கேக்காத. முடியும்னுதான் சொல்லுவா. நம்ம மொட்டைமாடிப் படியில பாதின்னு சொல்லு, அவளே கணக்குப் போட்டுக்குவா.” அம்மாவுக்கு அந்தப் படிகள் அத்துப்படி. எட்டு படி வரை ஓகே, கைப்பிடி இருந்தால் பத்து, அதற்கு மேல் ராத்திரி வீங்கும்.

மறுநாள் வேறொரு சின்ன ஃபேக்டரிக்கு போன் செய்தபோது கேள்விகளை மாற்றினேன். படி ஏறாமல் எவ்வளவு பார்க்கலாம்? கைப்பிடி உண்டா? உட்கார நாற்காலி போடுவீர்களா? பாதியில் வெளியே வர வழி இருக்கிறதா? முக்கியமாக, எவ்வளவு நேரம் நின்றபடி கேட்க வேண்டும்? முட்டிவலிக்காரர்களுக்கு நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் கொடுமை. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியாக, “நாளைக்கு மெஷின் ஓடுமா, எத்தனை மணிக்கு?” என்றும் கேட்டுக்கொண்டேன். இலை வரத்து குறைந்த நாளில் போய் நின்றால் காலி மெஷினைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

“காலைல ஒன்பதரைக்கு வாங்க. அம்மாவைப் பின்பக்கமா கூட்டிட்டு வந்துடுங்க, அங்க படியே இல்லை” என்றார் சூப்பர்வைசர். லோடு ஏற்றும் வழி அது. அதனால் அம்மா டீயின் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்.

முதலில் தரம் பிரிக்கும் இடம். சல்லடைகள் அதிர்ந்துகொண்டே தூள், சின்னக் குருணை, பெரிய குருணை என்று பிரித்துத் தள்ளுகின்றன. தூசு பறக்கிறது (மாஸ்க் கட்டாயம், அம்மா முந்தானையால் சமாளித்தார்). அடுத்து டிரையர். அனல் அடிக்கிறது. சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டார். அம்மா உட்கார்ந்து, முட்டியில் கை வைத்து, “இங்கயே ரூம் போட்டிருக்கலாம் கண்ணு” என்றார். மூன்று நாளில் அவர் முகம் மலர்ந்த முதல் இடம் அதுதான்.

அங்கிருந்து பார்த்தாலே சி.டி.சி மெஷின் தெரிந்தது. 1930-களில் அஸ்ஸாமில் வந்த தொழில்நுட்பம். பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழல, இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக விழுகிறது. பச்சையாக விழுந்த அது, காற்றுப் பட்டுச் செம்புப் பாத்திர நிறத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றம்தான் டீக்கு நிறமும் ருசியும் கொடுக்கிறது. நேரம் கூடினாலும் குறைந்தாலும் ருசி கெட்டுவிடும். சூப்பர்வைசர் ஒரு கைப்பிடி அள்ளி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆப்பிள் வாசம் அடிக்குது” என்றார். ஆமாம், அடித்தது.

ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்றதும் அம்மா விடவில்லை. “அப்ப பறிக்கிறவங்களுக்குக் கிலோவுக்கு என்ன குடுப்பீங்க?” சூப்பர்வைசர் கொஞ்சம் நெளிந்தார். பச்சைத் தேயிலை விலை சிறு விவசாயிகளுக்குக் கட்டுபடியாகவில்லை என்பது நீலகிரியில் வருஷக்கணக்காக ஓடும் பிரச்னை. கூட்டத்தோடு போகும் டூரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. பிளவுஸுக்குக் கூலி பேசியே வாழ்ந்த அம்மாவுக்கு அதுதான் முதல் கேள்வியாக வந்தது.

மாடிக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். இறங்கி வந்து மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். நீளத் தொட்டிகளில் பச்சைக் கம்பளம் மாதிரி இலை, கீழிருந்து காற்று, 12 முதல் 16 மணி நேரம் வாடல். நாங்கள் பார்த்த இலை 14 மணி நேரமாக வாடிக்கொண்டிருந்தது. அம்மா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

அப்பாவின் கிளன்மார்கன்

அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சோலூர் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று... “கிளன்மார்கன் பக்கமா?” பக்கம்தான். 1932-லிருந்து இயங்கும் பைக்காரா நீர்மின் திட்டத்தின் தண்ணீர் கிளன்மார்கனில் தேங்கி, அங்கிருந்து குழாய்களில் சுமார் 3,000 அடி கீழே சிங்காரா மின்நிலையத்துக்குப் பாய்கிறது. கோவை மில்கள் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மலைச்சரிவில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஒன்றும் அங்கே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சீனியர்கள் சொல்லிக் கேட்ட விஞ்ச்.

அது சுற்றுலா வண்டி கிடையாது, அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. தெரிந்தேதான் போனோம். தேயிலைக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டினோம். அப்பா இறங்கினார். கைத்தடியை எடுத்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவராக அதை எடுத்தது அப்போதுதான். எதிரே வந்த ஊழியர் ஒருவரிடம் தன் பழைய செக்ஷன் பெயரைச் சொன்னார். அடுத்த அரை மணி நேரம் இருவரும் குழாய், வால்வு, சுமைதூக்கி என்று பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தவர், “கீழ போயிருந்தா மேல வந்திருக்க மாட்டேன், அத்தனை செங்குத்து” என்றார். நேரில் பார்த்தவர் மாதிரி.

துணியின் பின்பக்கம்

சோலூர் சுற்றுவட்டாரத்தில் தோடர் மந்துகள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி, ‘குடிசையைக் காட்டுங்கள்’ என்று எட்டிப்பார்ப்பது அநாகரிகம். அது அவர்கள் வீடு. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்த தோடர் அக்கா ஒருவர் எம்ப்ராய்டரி வேலையை எடுத்துக்கொண்டு, தன் வேலையாக அங்கு வந்திருந்தார். அம்மா வாசலில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு நூல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு. துணியில் பென்சில் கோடு கிடையாது, இழைகளை எண்ணியே ஊசி போகிறது. அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எதுங்க நல்ல பக்கம்?” என்றார். அக்கா சிரித்தார். அவர்கள் துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள், நூல் புடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பக்கமே வெளியே தெரியும் பக்கம். இரண்டு பேருக்கும் பொதுவான வார்த்தைகள் குறைவு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். திட்டமிட்ட எதிலும் இவ்வளவு நேரம் அம்மா தாக்குப்பிடிக்கவில்லை.

மலை ரயிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோ மீட்டர், ஏற நாலரை மணி நேரத்துக்கு மேல். முட்டியை மடக்கியபடி அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அதனால் திரும்பும் நாளில் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். பெட்டியின் படி உயரம், இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. குன்னூர் பிளாட்பாரத்தில் காத்திருந்தால் இன்ஜின் மாற்றுவதைப் பார்க்கலாம். ஊட்டிப் பக்கம் டீசல், பல்சக்கரத் தண்டவாளம் இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கம் நீராவி. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்தார். அப்பா பிளாட்பாரத்தின் கடைசி வரை போனார், தடியில்லாமல்.

சூலூர் வந்த மறுநாள் காலை. பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் நின்று கேட்டார், “சோலூர் எப்படிங்க இருந்துச்சு?”

அம்மா அரை மணி நேரம் பேசினார். இலை வாடுவது, நசுங்குவது, செம்பு நிறம், ஆப்பிள் வாசம், பின்பக்கமாகத் தைப்பது. நடுவில் அப்பா திண்ணையிலிருந்து, “பன்னெண்டு மணி நேரம் வாட வைப்பாங்க” என்று எடுத்துக் கொடுத்தார்.

“பதினாலுங்க. நான் வீடியோவுல ரெண்டு தடவை பார்த்தேன்” என்றார் அம்மா.