ஏனுங்க, கோர்ட்டுக்குப் போலாமுங்களா?

கோயமுத்தூர்த் தமிழுக்கு ஒரு விசேஷம் உண்டு. சண்டை எவ்வளவு முற்றினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். “ஏனுங்க, உங்களை கோர்ட்டுக்கு இழுக்காம விட மாட்டேனுங்க!” என்று கும்பிடு போட்டுவிட்டு, வக்கீலைப் பார்க்க பஸ் ஏறுகிற ஊர் இது. மரியாதையும் ரோசமும் இங்கே ஒரே செடியில் காய்க்கும்.

அப்படி பஸ் ஏறியவர்களில் என் அப்பாவும் ஒருவர். எதிராளி யார் தெரியுமோ? கூடப் பிறந்த அண்ணன். என் பெரியப்பா!

வழக்கு, ஓர் இட்டேரிக்காக. கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்... ரெண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித் தடம். அதுதான் இட்டேரி. சூலூருக்குக் கிழக்கே எங்கள் தென்னந்தோப்புக்குப் போக அது ஒன்றுதான் வழி. 2009-ல் ஒருநாள் பெரியப்பா அதன் குறுக்கே கேட் போட்டுப் பூட்டினார். அப்பா கேஸ் போட்டார்.

அப்புறம் ஒன்பது வருஷம் நடந்ததை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். வாய்தா! ஜட்ஜ் மாறினால் வாய்தா. எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல் என்றால் வாய்தா. கமிஷனர் வந்து தடத்தை அளந்தார். அளந்தது சரியில்லை என்று இன்னொரு தரம் அளந்தார். தடம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. கேஸ் கட்டு மட்டும் தலையணை சைஸுக்கு வளர்ந்தது.

அப்பாவுக்குத் துணை நான். என் சி.எல். மொத்தமும் ஜூன் மாதத்துக்குள் காலி. மானேஜர் லீவ் லெட்டரைப் பிரிக்காமலே “இட்டேரியா?” என்பார். இதில் வேடிக்கை, அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவது ஒரே பஸ்ஸில். அண்ணன் முன்படி, தம்பி பின்படி. ஒரு தடவை சில்லறை இல்லாமல் அப்பா திண்டாடியபோது, முன்னாலிருந்து பெரியப்பா டிக்கெட் எடுத்து கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். அன்றைக்கும் கேஸ் நடந்தது!

2018-ல் ஒரு ஜட்ஜ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணன் தம்பிதானே? சமரச மையத்துக்குப் போய்ப் பேசிப் பாருங்கள்” என்று அனுப்பினார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

அப்பா முகம் வெளிறிவிட்டது. “ஏன் சாமி, கட்டப் பஞ்சாயத்துக்கா அனுப்பறாங்க?”

இல்லை. கட்டப் பஞ்சாயத்தில் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். மறுத்தால் வம்பு. சமரசரால் தீர்ப்புச் சொல்லவே முடியாது. ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்பார், தனித்தனியாகவும் கேட்பார். அங்கே பேசியதை கோர்ட்டில் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. பிடிக்கவில்லையா, எழுந்து வரலாம். கேஸ் விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கும். ஒத்து வந்தால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையே கோர்ட் தீர்ப்பாக்கிவிடும். சம்மதித்து வாங்கிய தீர்ப்பு என்பதால் வழக்கமான அப்பீலும் கிடையாது.

இதற்கு நம் மாநிலம்தான் வழிகாட்டி. 2005 ஏப்ரல் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட் வளாகத்தில் சமரச மையம் திறந்தபோது, கோர்ட்டோடு இணைந்த அப்படிப்பட்ட மையம் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. முன்னின்றவர் சீனியர் வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு. 2019-ல் அயோத்தி வழக்குக்காக சுப்ரீம் கோர்ட் போட்ட மூவர் குழுவிலும் அவர் இருந்தார். அங்கே சமரசம் கூடிவரவில்லை. அந்த நவம்பரில் தீர்ப்புத்தான் வந்தது. எல்லாப் பூட்டுக்கும் இது சாவி இல்லை.

எங்கள் பூட்டுக்குச் சாவியாக இருந்தது. மூன்றாவது உட்காரலில், அந்த வக்கீலம்மா தடத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, “உங்களுக்குள்ள பேச்சு எப்பங்க நின்னுச்சு?” என்று கேட்டாராம்.

உள்ளே பேசியது வெளியே வரக்கூடாது என்பது விதி. அப்பா மேற்கொண்டு வாயே திறக்கவில்லை. ஆனால் பதில் என்ன என்று ரெண்டு வீட்டுக்கும் தெரியும். அக்காவின், அதாவது பெரியப்பா மகளின், கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேர் விட்டுப்போனது. அதற்கு முன்னால், மாப்பிள்ளை வீடு பார்க்கக் கூப்பிட்டும் அப்பா போகாதது. தெரியாமல் இருந்தது கோர்ட்டுக்கு மட்டும்தான். எந்தப் பிராதில் அதை எழுதுவது? தடம் எத்தனை அடி என்று கோர்ட் அளக்கும். பத்திரிகையில் பேர் இல்லாத வலி எத்தனை அடி என்று எந்தக் கமிஷனர் அளப்பார்?

அன்றைக்குச் சாயங்காலமே முடிந்தது. கேட்டை எடுத்துவிடுவது. பன்னிரண்டு அடி பொதுத் தடம். மண் கொட்டும் செலவு பாதிப் பாதி. தேங்காய் லாரி வந்தால் முன்கூட்டி ஒரு போன். யாரும் ஜெயிக்கவில்லை. அதனால் யாரும் தோற்கவும் இல்லை. கோயமுத்தூர்க்காரனுக்கு அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம்!

பேசித் தீர்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. நாம் பீற்றிக்கொள்கிற சிறுவாணித் தண்ணீர் கேரளத்திலிருந்து வருவது, 1973-ல் ரெண்டு மாநிலமும் செய்த ஒப்பந்தத்தால். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970. முணுமுணுப்பு உண்டு, தண்ணியும் வருகிறது. காவிரியைப் பாருங்கள். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு.

அதற்காக கோர்ட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பின்னால் கோர்ட் இருக்கிறது என்பதால்தான் முன்னால் பேச்சு நடக்கிறது. போர்ஜரி, கொடுங்குற்றம் மாதிரி விவகாரங்களை சமரசத்துக்கு அனுப்புவதற்கில்லை என்று 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அடிக்கிற புருஷனோடு “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்பதும் சமரசம் ஆகாது. ஆனால் பாகம், வாடகை, கொடுக்கல் வாங்கல், கூட்டு வியாபாரம்... நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டியவர்களோடு வரும் வழக்கு என்றால், முதல் வாய்தாவிலேயே “சமரசத்துக்கு அனுப்புங்க” என்று உங்கள் வக்கீலிடம் நீங்களே கேட்கலாம். சமரசத்துக்கென்றே 2023-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. முடிந்தால் கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். வெளியே தாங்களே பேசித் தீர்த்துக் கொண்டவர்களுக்கும் அது உண்டு என்று 2021-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

மறுவருஷம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை புரூஃப் வந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பேரைத் தேடினார். இருந்தது. முதல் வரியிலேயே. அப்புறம்தான் என் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.