நீலம் போடும் நேரம்

குற்றாலம் என்றதும் இலக்கியக்காரர்களுக்கு இரண்டு பேர்தான் ஞாபகம் வரும். ஒருவர் திரிகூடராசப்பக் கவிராயர், மற்றவர் ரசிகமணி டி.கே.சி. சாரல் காலத்தில் அங்கே துணி காயாது என்பதைப் பற்றி ரசிகர்கள் வாய் திறப்பதில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை பக்கத்துத் தென்காசியிலும் இதே கதைதான். கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாய், ஒருவித மக்கல் வாசனையோடு தொங்கும். டப்பாவிலிருக்கும் சோப்புத்தூள்கூடக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டிவிடும்.

அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். மணிக்கட்டு வாதத்தால் துணி பிழிய முடியாமல் போன பிறகு வாங்கிய சலவை யந்திரம், முன்பக்கம் கதவு வைத்தது. இடது மேல்மூலையில் ஓர் இழுப்பறை, அதற்குள் மூன்று தடுப்பு. இரண்டு கோடு போட்டது சோப்புத்தூளுக்கு. ஒரு கோடு போட்டது முன்துவைப்புக்கு. அம்மாவுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. பூப்படம் போட்டது, துணியை மிருதுவாக்கும் ஏதோ திரவத்துக்கு. கோளாறு இரண்டு. துவைத்து முடிந்த பிறகும் தூளில் பாதி களிபோல் தடுப்பிலேயே கிடந்தது. பூப்போட்ட தடுப்பில் தண்ணீர் தேங்கிப் புளித்த நாற்றம். அம்மா ஒவ்வொரு தடவையும் துணிகளை வெளியே எடுத்துக் கையால் மறுபடி அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். போனில் இதைச் சொல்லவில்லை. நான் போனபோது கை வீங்கியிருந்தது.

பழுது பார்க்க வந்த பையன் இழுப்பறையை முழுதாக உருவி வெந்நீரில் ஊறப் போட்டான். உள்கூரையில் தண்ணீர் பீச்சும் சிறு துளைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தான். பின்னால் குழாய் சேருமிடத்தில் ஒரு சல்லடை; அதைக் குறடால் இழுத்தபோது துருவும் வண்டலுமாய் வந்தது. எல்லாம் மாட்டி ஓட்டியும் கால்வாசித் தூள் மிச்சம் நின்றது. மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னான்:

"ஆச்சி, மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. வீட்டுக்குத்தான் உயரம் பத்தல."

இவ்வளவு கச்சிதமான விமர்சன வாக்கியத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை. கணக்கும் சரியாகவே இருந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்கள் தொட்டியின் அடிமட்டத்துக்கும் யந்திரத்தின் வால்வுக்கும் நடுவே எட்டடி, அதாவது கால் பாருக்கும் சற்றுக் குறைவு. கையேடு கேட்பதோ 0.3 பார். வால்வு திறக்கிறது, தண்ணீர் வருகிறது, ஆனால் பீச்சவில்லை, ஒழுகுகிறது. தூள் கரையாமல் நனைந்து மட்டும் போகிறது. மொழிபெயர்ப்புக் கோட்பாடுகள் நம்மிடம் வந்து சேரும் விதமும் இதுதானோ என்று தோன்றியது. அதை இப்போது விட்டுவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இதற்கு நேரெதிரான பிரச்னை. ஏறக்குறைய அறுபது மீட்டர் உயரத்திலிருந்து வரும் பேரருவி, நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் குளிப்பவன் தலைக்கு வருகிறது. அது இல்லையென்றால் அருவியின் கீழே மனுஷன் நிற்க முடியாது.

செப்பனிடுவதை இரண்டாந்தர வேலையாக நினைப்பவர்கள் தென்காசிக் கோயில் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை வந்து அதைச் சரிசெய்பவர் யாராயிருந்தாலும் அவர்களை வணங்குகிறேன் என்ற பொருளில் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். கட்டியவன், வரப்போகும் மெக்கானிக்கை வணங்குகிறான். கோபுரம் வெகுகாலம் மொட்டையாக நின்று 1990இல்தான் மறுபடி எழுந்தது.

இரண்டாவது கோளாறுதான் என்னை நிஜமாக யோசிக்க வைத்தது. பூப்போட்ட தடுப்பின் நடுவே ஒரு சிறு குழல், அதன்மேல் ஒரு மூடி. கடைசி அலசலின்போது யந்திரம் அங்கே தண்ணீர் விடுகிறது. நீர்மட்டம் குழலின் வாயைத் தாண்டியதும் மொத்தமும் உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்குகிறது. அதுவரை உள்ளே விட்டது அப்படியே காத்திருக்கும். மூடியைக் கழற்றினால் குழலுக்குள் பாடை மாதிரி வெள்ளையாய் ஒரு படலம். அம்மாவைக் கேட்டோம்.

"கஞ்சித் தண்ணி ஊத்தினேன்யா. கடைசி அலசுக்குன்னுதான அந்தப் பையன் அன்னைக்குச் சொன்னான்? கடைசி அலசுல வேற என்னத்தப் போடுவாக?"

அவளுடைய தர்க்கத்தில் எங்கே பிழை? கையால் துவைத்த காலத்தில் முதலில் சோப்பு, அலசல் இரண்டு, கடைசி வாளியில் நீலம், பருத்திச் சேலையானால் கஞ்சி. வண்ணார் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்த நாட்களிலும் எதை எப்போது என்ற வரிசை ஒன்று இருந்தது. அது அவர்களுடைய கையிலிருந்த அறிவு. அந்தக் கைகளை ஊர் எந்த வாசலில் நிறுத்தி வைத்தது என்பதை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் சொல்லிவிட்டது. இழுப்பறையின் மூன்று தடுப்பும் செய்வது அந்த வரிசையைக் காப்பதைத்தான். யந்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அம்மா அதைச் சரியாக வாசித்திருக்கிறாள். எங்கள் கையேட்டில்தான் கஞ்சி இல்லை. மிருதுவாக்குவதற்கு இடமுண்டு, விறைப்பாக்குவதற்கு இல்லை. துணி மிருதுவாக இருக்கவேண்டும் என்று யார் தீர்மானித்தது?

கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையன் கிளம்பத் தயாரானான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விறைப்பில்லாத சேலையில் அவளை நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட. நான் விடவில்லை. அவனும் கொஞ்சம் யோசித்து, பிழிவதற்கு மட்டுமான பொத்தானைக் காட்டினான்.

கொத்தனார் வந்து தொட்டிக்கு அடியில் நாலடி செங்கல் மேடை கட்டினார். தூள் இப்போது நிற்பதில்லை. சாரல் மாதங்களில் திரவ சோப்பு. சேலைகளை மட்டும் அலசி முடிந்ததும் வெளியே எடுத்து, வாளியில் வடிகட்டிய கஞ்சியில் முக்கி, பிழியாமலே திரும்ப உள்ளே போட்டு, குறைந்த வேகத்தில் ஒரு சுற்று விடுகிறாள். பிறகு சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் யந்திரத்தை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஈடு துணியில் என் சட்டைகளும் விறைத்துக்கொள்கின்றன.