வான்கோழிக்கு ஒரு நல்ல வார்த்தை

வான்கோழிக்கு நம் நாட்டில் நல்ல பெயர் கிடையாது. மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் புறப்பட்ட பறவை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஆயுள் பூராவும், யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமானால் அந்தப் பறவையைத்தான் துணைக்கு இழுக்கிறோம்.

இத்தனைக்கும் அது பெரிய இடமெல்லாம் பார்த்த பறவை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், பிறகு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1612-ஆம் ஆண்டில் முகரப் கான் என்ற பிரபு, கோவாவிலிருந்து கொண்டு வந்த அபூர்வப் பிராணிகளோடு ஒரு வான்கோழியையும் ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் முன்னால் நிறுத்தினார். சக்கரவர்த்தி அதைத் தம் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதினார். மன்சூர் என்ற அரண்மனை ஓவியர் தீட்டிய வான்கோழிப் படம் இன்றும் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அது நுழைந்ததற்குக் கலையும் காரணம் அல்ல, சரித்திரமும் காரணம் அல்ல. என் தமையனாரின் இருதயம்தான் காரணம்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்தொன்று. தக்காளி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர். சென்ற வருஷம் ஒரு நாள், கூடையைத் தூக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று இரண்டு பத்தியாக அதில் எழுதியிருந்தது. 'கூடாது' என்ற பத்தியைப் படித்தால் எங்கள் அம்மாவின் சமையலை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

அம்மா ஒரு மாதம் காகிதப்படியே சமைத்தாள். கஞ்சி, அவித்த காய், உப்பில்லாத ரசம். அண்ணன் இலைக்கு முன்னால் உட்காருவார், இரண்டு வாய் எடுப்பார், எழுந்துவிடுவார். பத்து நாளில் மூன்று கிலோ இளைத்தார். இளைத்தது நல்லதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் அது கொழுப்புக் கரைந்த இளைப்பு அல்ல. மனம் விட்டுப்போன இளைப்பு. மாத்திரையைக்கூட, "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கினார். வைத்தியருக்குத் தெரியாத அபாயம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் ஆறுதலுக்கு என்று ஒரு பலகாரம் உண்டு. கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் அரிசிம்பருப்புச் சோறும். பரீட்சையில் தேறினாலும் அதுதான், தேறாவிட்டாலும் அதுதான். அப்பா காலமான வருஷம், துக்கம் கழிந்து முதல் முதலாக வீட்டில் கறி எடுத்த நாளிலும் அம்மா அதைத்தான் செய்தாள். அதற்கு அவள் வைத்திருந்த சட்டதிட்டங்கள் பீனல் கோடைவிடக் கண்டிப்பானவை. வெள்ளாட்டுக் கறியோடு இரண்டு துண்டு கொழுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். பாதித் தேங்காயை அரைத்துவிட வேண்டும். உருண்டை கடலை எண்ணெயில் முங்கிப் பொரிய வேண்டும். சோற்றின் தலையில் நெய் நிற்க வேண்டும்.

இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளாட்டுக் கறி அப்படியொன்றும் பொல்லாதது அல்ல. கொழுப்பை நீக்கிய கறியில் நூறு கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் கொழுப்புத்தான் இருக்கிறது. தேங்காயிலோ அதே நூறு கிராமில் முப்பத்து மூன்று கிராம். எண்ணெய் ஒரு மேஜைக் கரண்டி ஊற்றினால் பதினான்கு கிராம் கொழுப்பை ஊற்றியதாக அர்த்தம். ஆக, குற்றவாளி ஆடு அல்ல. ஆட்டைச் சுற்றி நாம் கூட்டுகிற கூட்டம்தான்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். கறி இருக்கட்டும், கூட்டத்தைக் கலைத்துவிடுவோம் என்றேன். அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அடுப்புக்கு முன்னால் நின்றதும் அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஐம்பது வருஷமாக எண்ணெய்த் தூக்கைச் சாய்த்துப் பழகிய கை, தானாகவே சாய்ந்தது. நான் தடுத்தபோது கண் கலங்கிவிட்டாள்.

"இதுக்குப் பேரு கொத்துக்கறியா கண்ணு? இப்படி வெச்சிருந்தா உங்கய்யன் சட்டியோட வீசியிருப்பாரு. பெத்த புள்ளைக்கு வஞ்சகம் பண்ணற மாதிரி இருக்குது" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தெரிந்த பண்டத்தில் ஒன்றைக் குறைத்தால், அன்பில் குறைத்தது போலத்தான் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் வான்கோழி வந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள் ஒருவர் இருபது முப்பது வான்கோழிகள் வளர்க்கிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் அவற்றின் கூச்சல் எங்கள் திண்ணை வரைக்கும் வரும். அவர் வளர்ப்பது நந்தனம் வான்கோழி-1 என்ற இனம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், நம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் என்ற சிறிய வெள்ளை இனத்தையும் கலந்து உண்டாக்கியது. அந்த வெள்ளை இனத்துக்கும் ஒரு கதை உண்டு. பெரிய பறவை சிறு குடும்பத்துக்கு மிஞ்சிப் போகிறது, அடுப்பிலும் நுழையவில்லை என்று அமெரிக்க இல்லத்தரசிகள் குறைபட்டுக்கொள்ள, அந்நாட்டு விவசாய இலாகா 1930-களில் பெல்ட்ஸ்வில் பண்ணையில் சின்ன பறவையாக உருவாக்கியதாம்.

தோப்புக்காரர் இன்னொரு விஷயமும் சொன்னார். இருபத்தெட்டு நாள் அடைகாத்துப் பொரிந்து வருகிற வான்கோழிக் குஞ்சுக்குச் சாப்பிடத் தெரியாதாம். தீனி முன்னாலேயே இருக்கும். பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதனால் தீனிக்குள் வர்ணக் கூழாங்கற்களைப் போட்டு வைப்பார்களாம். பச்சை நிறம் அதற்குப் பிடிக்கும் என்பதால் கீரையை நறுக்கித் தூவுவார்களாம். கண்ணுக்குப் பிடித்தது ஏதாவது தென்பட்டால் கொத்திப் பார்க்கும், கொத்தினால் பிழைத்துக்கொள்ளும். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் வீட்டு இலை ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு பறவையை விலை பேசி வாங்கி, தோலை உரித்து, நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்து வந்தேன். தோலை நீக்குவது முக்கியம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் நூறு கிராமுக்குச் சுமார் இரண்டு கிராம் கொழுப்பு. தோலையும் கொழுப்பையும் சேர்த்து எந்திரத்தில் அரைத்தால் அதுவே பதினைந்து கிராம் வரை ஏறும். ஆகவே வீட்டிலேயே கத்தியால் கொத்திக்கொள்வதுதான் உத்தமம்.

கறியை அம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளுத்த கறி; தெரியாத கறி. பிறகு, என் ஆயுளில் அவளிடமிருந்து நான் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"இதை எப்படி ஆக்கறது கண்ணு?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆட்டுக்கறிக்கு அவளிடம் சட்டம் இருந்தது. மாமியாரும் புருஷனும் அந்தச் சட்டத்துக்குச் சாட்சி இருந்தார்கள். வான்கோழிக்குச் சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை. இதில் எதைக் குறைத்தாலும் அது குறைவே அல்ல.

இரண்டு பேருமாகச் சமைத்தோம். ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கினோம். மல்லி, சீரகம், மிளகு மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்து அரைத்தோம். கொழுப்பில்லாத கறி வெந்தால் இறுகும். ஈரம் நிற்கட்டும் என்று சுரைக்காயைத் துருவிப் பிழிந்து சேர்த்தோம். பிடிப்புக்குப் பொட்டுக்கடலை மாவு. உருட்டி இட்லித் தட்டில் வைத்து, நடுவரைக்கும் நன்றாக வேகும்படி ஆவியில் அவித்தோம். குழம்புக்குத் தேங்காய்க்குப் பதிலாக அண்ணன் கடைத் தக்காளி. உப்பைப் பாதியாகக் குறைத்தோம். புளிப்பும் மிளகும் அந்தக் குறையை மூடின. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஒரே ஒரு சொட்டு, வாசனைக்கு.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். மண்சட்டியின் மூடியைத் திறந்ததும் மல்லி வாசனை எழும்பிற்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டார்.

"ஆட்டுக்கறி இல்லீங்களே. என்ன கறிங்கம்மா இது?"

அம்மா பதில் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற மாதிரி இருக்குது. ஆனா நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று உருண்டை சாப்பிட்டார். சோறு மறுதரம் கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றாள். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்து இருபது வருஷம் ஆகிறது.

வான்கோழி இருதய நோயைக் குணப்படுத்திவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. மாத்திரை இருக்கிறது, நடை இருக்கிறது, மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தப் பரிசோதனை இருக்கிறது. தினமும் வான்கோழி கிடைப்பதும் இல்லை. கிடைக்காத வாரத்தில் தோல் நீக்கிய கோழிக்கறியில் செய்கிறோம். பால்யத்தில் சாப்பிட்ட ருசி இதுதான் என்று சொன்னாலும் பொய்யாகும். அந்த ருசி அப்பாவோடும் அந்த எண்ணெயோடும் போய்விட்டது. திரும்பி வந்தது வேறொன்று: அம்மா பரிமாற, அண்ணன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற அந்த அரைமணி நேரம். மாத்திரையை இப்போது அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த சின்னம்மா, குழம்பை ருசி பார்த்துவிட்டு, "ஒரு மூடித் தேங்காய் அரைச்சு ஊத்தினா இன்னும் எடுப்பா இருக்குமேக்கா" என்றாள்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாது. வான்கோழிக்குத் தேங்காய் ஆகாது. போட்டா ருசி கெட்டுப் போகும்" என்றாள்.