யார் யாரோடு மல்லுக்கட்டுவது?

"நோயாளி கருவியோடு சண்டையிடுகிறார்!" தீவிர மருத்துவப் பிரிவுகளில் அடிக்கடி ஒலிக்கும் பேச்சு இது. கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழும் வினா ஒன்றுதான்: சண்டையைத் தொடங்கியது யார்? மூச்சுக்குப் பதைக்கும் மனிதனா, மூச்சைத் திணிக்கும் பொறியா?

மூச்சின் கட்டளை மூளைத்தண்டிலே பிறக்கிறது. நரம்பின் வழியே ஓடி உதரவிதானத்தை அடைகிறது. அது சுருங்க, நெஞ்சு விரிய, காற்று உள்ளே நுழைகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை, நம்மைக் கேளாமலே நடைபெறும் பணி! நோய் வந்து நுரையீரல் தளர்ந்தாலும், கட்டளையிடும் மூளை பெரும்பாலும் ஓய்வதில்லை. அதன் குரலைக் கேட்டுத் துணை நிற்பதே செயற்கைச் சுவாசக் கருவியின் கடமை. கேளாது தன் கணக்குப்படி காற்றை அடித்தால் என்னாகும்? இழுக்கும் வேளையில் காற்று வராது. விடும் வேளையில் காற்று பாயும். தவிக்காமல் என் செய்வான் மனிதன்?

1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் சூறையாடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென் வழி கண்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். 12 வயதுச் சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் முறைவைத்துப் பையை அழுத்தினர். சாவு பாதிக்கும் கீழே இறங்கிற்று. மாணவனின் கை பையிலே. கண்ணோ நோயாளியின் முகத்திலே! அந்த முகம் வாடினால் கை விரையும். தெளிந்தால் கை நிதானிக்கும்.

பின்னர் கையின் இடத்தைப் பொறி பிடித்தது. கைக்கு இருந்த கவனம் பொறிக்குத் தானாக வந்துவிடவில்லை.

பீடிப் புகை அரித்த நுரையீரலோடு நம் தமையனார் ஒரு மருத்துவமனையில் கிடந்த நாட்களில் இதைக் கண்ணாரக் கண்டோம். அவர் கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. "மெஷினோட சண்டை போடறாருங்க" என்றார் செவிலியர். அவர்மீது குற்றமில்லை, அவர் கற்ற மொழி அது. இரவுப் பணிக்கு வந்த இளம் மருத்துவர் கட்டுகளைப் பார்க்கவில்லை. திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தார். "இதோ பாருங்கள் ஐயா, இவர் இழுக்கிறார்; கருவிக்கு அது தெரியவில்லை" என்றார்.

காரணமும் விளக்கினார். இத்தகைய நோயில் விட்ட மூச்சு முழுதும் வெளியேறாது. உள்ளே தேங்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை வென்ற பிறகே நோயாளியின் இழுப்பு கருவிக்கு எட்டும். வலுவிழந்தவரால் அது இயலுமா? அவர் காற்றின் அளவைக் குறைத்தார். மூச்சு வெளியேற நேரம் கூட்டினார். சிற்றிழுப்பையும் கருவி உணருமாறு திருத்தினார். சற்று நேரத்தில் அண்ணனின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கட்டுகளும் அவிழ்ந்தன.

இது ஒருவர் கதையன்று. 2006இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 62 நோயாளிகளைக் கவனித்தனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பத்து முயற்சிகளில் ஒன்றுக்கு மேல் கருவியோடு இசையவில்லை. அவர்களே நெடுநாள் கருவியில் கிடந்தவர்கள். 1999இல் வெளிவந்த மற்றொரு முறையோ, உணவுக்குழாயில் இறக்கிய மின்முனைகளால் உதரவிதானத்தின் மின்துடிப்பையே கேட்டுக் காற்றூட்டியது. அறிவு அத்தனை தூரம் வளர்ந்திருக்கிறது!

மயக்க மருந்தே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. இப்செனும் அந்தச் சிறுமிக்கு அதைக் கொடுத்த பிறகே காற்றூட்ட முடிந்தது. உயிர் காக்க அது தேவைப்படும் வேளைகள் உண்டு. ஆனால், தவிப்பின் காரணத்தைத் தேடாமல் தவிப்பவனை மட்டும் உறங்க வைப்பது மருத்துவமாகுமா?

ஆகவே அந்தப் பழைய பேச்சை மாற்றுவோம். "நோயாளி சண்டையிடுகிறார்" என்று சொல்லாமல், "கருவி இவரைக் கேட்கவில்லை" என்று சொல்லிப் பழகுவோம். சொல் மாறினால் பார்வை மாறும். பார்வை மாறினால் கை, கட்டுக் கயிற்றைத் தேடாது. திருத்த வேண்டிய திருகைத் தேடும். மனிதன் செய்த கருவி மனிதனுக்கு இசையட்டும்!