மணற்காட்டில் ஓர் இரவு

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருபவர்கள் எமது வீதிகளில் ஓடும் பழைய வாகனங்களைப் பார்த்து வியப்பது வழக்கம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களும் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களும் இன்னும் இங்கே ஓடுகின்றன. இவை ஆசைக்காகச் சேர்த்து வைக்கப்பட்டவை அல்ல. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் புதிய வாகனமும் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடியதால் மிஞ்சியவை.

இன்று இளைஞர்கள் சிலர் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கி, துடைத்து மினுக்கி, வார விடுமுறையில் கூட்டாகப் பயணம் போகிறார்கள். அப்படியான ஒரு குழுவினர் மணற்காட்டில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கத் திட்டமிட்டார்கள். சமையல் பொறுப்பை வடமராட்சி கிழக்கில் உள்ள பெண்கள் குழு ஒன்றிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுடன் வேலை செய்பவள் என்ற வகையில் நானும் எனது ஸ்கூட்டியில் சென்றேன்.

நல்லூரில் இருந்து

சனிக்கிழமை காலை 18 மோட்டார் சைக்கிள்கள் நல்லூரில் இருந்து புறப்பட்டன. பாதிக்கு மேல் எம்.டி. 90. யப்பானில் தபாற்காரர்களுக்கென்றே ஹொண்டா நிறுவனம் செய்த வண்டி அது. பாரம் சுமக்கும், மணலிலும் சேற்றிலும் போகும், இலகுவில் பழுதாகாது. வன்னியில் குடும்பங்களின் முழுச் சொத்தும் இதன் பின்னால் கட்டப்பட்டு இடம்பெயர்ந்ததை வாசகியர் பலர் அறிவீர்கள்.

கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், புத்தூர், அச்சுவேலி ஆகியவற்றைக் கடந்து வல்லை வெளிக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஒதுங்க ஒரு மரமும் இல்லாத உவர் நிலம் அது. போர்க்காலத்தில் எல்லோரும் பயந்து பயந்து கடந்த அந்த இடத்தில் இளைஞர்கள் வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பருத்தித்துறையில் தேநீரும் தட்டை வடையும் ஆயின. அங்கிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே போனால் மணற்காடு.

பெயருக்கேற்ற ஊர்தான். வெண்மணல் மேடுகள், அவற்றை ஒட்டிச் சவுக்கங்காடு, மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்கள், அப்பால் கடல். 2004 மார்கழி 26 இல் இந்தக் கரையையும் சுனாமி அடித்தது. அதனால் கூடாரங்களைக் கடலுக்கு அருகில் போட வேண்டாம் என்று எமது பெண்கள் சொன்னார்கள். இளைஞர்கள் மறுக்கவில்லை. காட்டு ஓரமாகவே அடித்தார்கள்.

மண்ணெண்ணெய் வித்தை

மாலையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிக் காட்டுவதாக ஒரு தம்பி சொன்னார். உதைத்து உதைத்துக் களைத்துப் போனார். இயந்திரம் இயங்கவில்லை. கூழுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கேட்டு வாங்கினார். “நான் துளி துளியா விடுறன். நீங்கள் உதையுங்கோ தம்பி” என்றார். மூன்றாவது உதையில் வெள்ளைப் புகையுடன் வண்டி இயங்கியது.

காரணம் எளியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. முதலில் சில துளி பெற்றோலில் இயக்கிச் சூடாக்கிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள்தான் இதைத் தாங்கும். 1990 களில் குடாநாட்டில் வீட்டுக்கு வீடு நடந்த வேலை இது. கணவன் உதைக்க, மனைவி பெற்றோல் விடுவார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் பழைய வாகனங்களின் கதையைச் சொல்லும்போது ஓட்டியவரும் திருத்தியவரும் மட்டுமே பேசப்படுகிறார்கள்.

அந்த அக்கா முல்லைத்தீவில் இருந்து வந்தவர். கணவர் 2009 இல் காணாமற்போனார். அவர்களுடைய எம்.டி. 90 முள்ளிவாய்க்காலில் நின்றுவிட்டது. “புத்தகம் மட்டும் என்னட்டை இருக்குப் பிள்ளை. அவற்றை பேரிலைதான்” என்றார்.

முகாம் என்ற சொல்

ஒடியற் கூழைப் பிளாவில் குடித்து முடிய ஒன்பது மணியாகிவிட்டது. மேலதிகமாக இரண்டு கூடாரங்கள் இருந்தன. விரும்பினால் நாங்களும் தங்கலாம் என்றார்கள். “இன்னொரு முகாமோ? எனக்கு அந்தச் சொல்லே வேண்டாம்” என்றார் அக்கா. செட்டிக்குளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் பல மாதங்கள் இருந்தவர் அவர். கூடாரம் என்றால் அவருக்குச் சூடும் தண்ணீர் வரிசையும் காவலும்தான். எங்களில் எவரும் அவரை வற்புறுத்தவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, “வாசல் பக்கம் எனக்கு விடுங்கோ” என்று சொல்லிப் பாயை விரித்தார்.

சவுக்கு மரங்களின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் ஒன்றாகக் கேட்டன. அவர் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் மணலில் நடந்துவிட்டு வந்ததை நான் கண்டேன். காலையில் தேநீர் ஊற்றும்போது அவரே சொன்னார்: “எங்கை போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

எமது பெண்கள் வீட்டுக்கு வெளியே கழித்த இரவுகள் ஏராளம். கோவில் மண்டபத்தில், பாடசாலையில், மரத்தடியில், பதுங்குகுழியில், முகாமில் கழித்தவை. அவற்றில் எதையும் அவர்கள் தாமாகத் தெரிவு செய்யவில்லை. போர் முடிந்த பிறகும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் பயணம் என்றால் வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம் என்றே இருக்கிறது. ஓய்வுக்காக ஒரு பெண் வெளியே தங்கினால் ஊர் கதைக்கும். எமது திட்டங்களிலும் கோழி வளர்ப்புக்கும் தையலுக்கும் இடம் உண்டு, ஓய்வுக்கு இடமில்லை. அதுவும் ஒரு தேவை என்று நாம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வான் பிடித்து மணற்காட்டுக்குப் போய்வரலாம். குடிதண்ணீரும் பாயும் கொண்டு போங்கள். மழைக்காலத்தைத் தவிருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் சென்று, யார் உதைத்தார்கள், யார் பெற்றோல் விட்டார்கள் என்ற கதையை அங்கே இருந்து சொல்லுங்கள்.