கிணற்றடியில் நின்ற மரம்

அன்று மஃரிப் தொழுதுவிட்டு வந்து கைத்தொலைபேசியை எடுத்தபோது, கூட்டாளி ஒருவரின் வட்ஸ்அப்பிலிருந்து செய்தி வந்திருந்தது. அவருக்கு வரவேண்டிய ஆறு இலக்கக் குறியீடு தவறுதலாக எனக்கு வந்துவிட்டதாம். அவசரமாம், உடனே அனுப்பட்டாம். குறுஞ்செய்தியில் குறியீடும் வந்து கிடந்தது. இதை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

கூட்டாளியின் கணக்கு முதல்நாளே களவு போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சில நிமிடங்களில் என்னுடையதும் கைவிட்டுப் போயிற்று.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய சாமானல்ல அது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்த புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். அந்நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். சோனகத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த எங்கள் குடும்பமும் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறியது. 2009இல் யுத்தம் முடிந்தபின் நான் திரும்பி வந்தேன். பலர் வரவில்லை. இன்று ஜனாஸா அறிவித்தலும் நிக்காஹ் அழைப்பும் பெருநாள் ஸலாமும் வட்ஸ்அப் குழுமத்தில்தான். எங்கள் தெரு இப்போது அதற்குள்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் என் முகத்தைப் போட்டுக்கொண்டு ஒரு கள்வன் திரிந்தான்.

"ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். அவசரமாக 35,000 ரூபா வேண்டும். நாளைக்குத் தருவேன்." நீர்கொழும்பு மச்சான் ஒரு கேள்வியும் கேட்காமல் காசைப் போட்டுவிட்டார்.

புத்தளத்துச் சாச்சிக்கும் அதே செய்தி. எழுபது வயது தாண்டியவர், எழுத்தடிக்கத் தெரியாது. குரலில் பதில் அனுப்பினார்: "போடுறன் மகன். அதுக்கு முந்திச் சொல்லு, எங்கட பழைய ஊட்டுக் கிணத்தடியில என்ன மரம் நிண்டது?"

மறுபக்கம் மௌனம். பிறகு "சாச்சி, அவசரம்" என்று மட்டும் வந்ததாம். சாச்சி உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "என்ட மகனெண்டா அந்த மரத்த மறக்கமாட்டான்" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்தான். "கணக்குப் பிறகு நானா, முதல்ல ஆட்களுக்குச் சொல்லுங்க" என்றான். ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். பின்னர் வட்ஸ்அப்பில் என் இலக்கத்தை மறுபடி பதிந்து, புதிதாக வந்த குறியீட்டை இட்டோம். அக்கணமே கள்வன் வெளியே. ஆனால் அவன் தன் பங்குக்கு ஒரு இரகசிய இலக்கத்தைப் போட்டு வைத்திருந்தான். அது தெரியாதவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். சொந்த வீட்டு வாசலில் ஏழு நாள் நின்றேன். பழைய உரையாடல்கள் என் தொலைபேசியிலேயே இருந்ததால் அவன் கையில் அகப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எட்டாம் நாள் உள்ளே போனதும் 'இரண்டு படி சரிபார்ப்பு' என்பதில் எனக்கென்று ஆறு இலக்கம் வைத்தேன். மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தேன். வேறு கருவி எதுவும் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. அதை முன்னமே செய்திருந்தால் குறியீடு கைமாறியும் கணக்குக் கைமாறியிராது.

மச்சானுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "காசு போனதில்ல கவல. நாளைக்கு நீ உண்மையாவே ஆஸ்பத்திரியில நிண்டு கேட்டா, நான் ஒருக்கா யோசிப்பனே. அதுதான்" என்றார். களவு போனது எதுவென்று அப்போது விளங்கியது. அதை மீட்டுத்தர எந்தக் குறியீடும் வராது.

1990இல் எங்களுக்கு யோசிக்க நேரம் தரப்படவில்லை. இன்று யாரும் துரத்தவில்லை. ஆனாலும் 'அவசரம்' என்ற ஒரு சொல்லுக்கு நான் ஓடினேன். சாச்சி ஓடவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் காசு கேட்டு எழுதினாலும் முதல் கேள்வி அந்த மரம்தான். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. இந்தக் கேள்விக்காகவே சாச்சியிடம் கிணற்றடிக் கதை கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார்கள்.

மரத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.