ஒரு தோட்டத்துரையின் கடிதங்கள்

ஹென்றி லோறன்ஸின் கடிதங்களும் பத்திரங்களும் 1968 முதல் 2003 வரை 16 தொகுதிகளாக வெளிவந்தன. தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில் வணிகராயிருந்து நெல்விளை தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். 1777-78இல் அமெரிக்கக் கண்டப் பேரவைக்குத் தலைமை தாங்கியவர். 1750களில் அவரது கூட்டு நிறுவனம் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அடிமைகளைத் தரகுக்கு விற்றது. அக்கால வணிகக் கடிதங்களில் மனிதர் சரக்காகவே வருகின்றனர்: வயது, உடல்நிலை, விலை. அரிசியையும் அவுரியையும் பற்றி எழுதும் அதே நிதானம்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது, இலண்டனில் சட்டம் பயின்ற மகன் ஜோனுக்கு அவர் 1776 ஆகஸ்ட் 14ஆம் திகதி எழுதிய கடிதத்தை. அடிமை முறையை வெறுப்பதாகச் சொல்கிறார். பழியைப் பிரித்தானிய மன்னர்கள்மீதும் நாடாளுமன்றத்தின்மீதும் சுமத்துகிறார். (தரகுப் பணம் எவர் பெட்டிக்குப் போனதென்பது நினைவில் இல்லைப் போலும்!) பலரை விடுவிக்க வழி தேடுவதாகவும் எழுதுகிறார். தாம் இழக்கக்கூடியதையும் அளந்து காட்டுகிறார்: நாளையே ஏலம் விட்டால் தம் அடிமைகள் 20,000 ஸ்டேர்லிங் பவுண் பெறுவார்களாம். வெறுப்பை எழுதும்போதும் பேனாவுக்கு விலை தெரிந்திருக்கிறது.

மகனோ அக்கடிதத்தை மெய்யென்றே கொண்டார். அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை வழங்கும் திட்டத்தை முன்வைத்தார். 1779இல் பேரவை இசைந்தும் தென் கரோலினாச் சட்டசபை மறுத்துவிட்டது. 1782 ஆகஸ்டில் கொம்பாகி ஆற்றங்கரையில், சிறு மோதலொன்றில், ஜோன் கொல்லப்பட்டார்.

தந்தை 1792இல் காலமானார். விடுதலை பெற்றிருந்தோர் ஒருசிலரே. நூற்றுக்கணக்கானோர் அவரது உடைமையாகவே எஞ்சியிருந்தனர்.